எக்ஸ்ட்ரா பொன்னாடை

பிரணவ்: இல்ல ஆன்ட்டி. இருபத்து நாலு வருஷமா ஒரு மனுஷனுக்கும் நான் பொன்னாடை போர்த்தினதில்லை. இனிமேலும் போர்த்தப் போறதில்லை. நாளைக்கு என் வாழ்க்கை வரலாற்றை எவனாவது எழுதினா, முதல் வரியே அதுவாத்தான் இருக்கும்.

வசந்தாமணி: கண்ணு, அந்த இருபத்து நாலு வருஷத்துல உன்கிட்ட யாரு வந்து பொன்னாடையை நீட்டினா, நீ வேண்டாம்னு சொல்றதுக்கு?

பிரணவ்: நீட்டியிருந்தா மறுத்திருப்பேன். அதுதான் கொள்கை.

வசந்தாமணி: கொள்கையை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சுக்க. மணி இப்ப பத்தேகால். பதினொண்ணுக்கு நம்ம பொங்கல் விழாவுக்கு போலீஸ் சீஃப் வர்றாரு. தமிழ் மன்றத் தலைவர் மீரான் மைதீன் அண்ணன் ஹ்யூஸ்டன் ஃப்ரீவேல நிக்கறாரு, முன்னாடி ஒரு டிரக் கவுந்து கிடக்காம். அவருக்குப் பதிலா யாராவது போர்த்தணுமா இல்லையா?

பிரணவ்: நீங்க போர்த்துங்க. செயலாளர் நீங்கதானே?

வசந்தாமணி: எனக்குத் தோள்பட்டை வலி. கையை மேல தூக்கவே முடியல. அவரு ஆறடி நாலங்குலம். நான் நாற்காலி போட்டு ஏறியா போர்த்துவேன்?

பிரணவ்: அஞ்சு நிமிஷம் முன்னாடி அந்தப் பித்தளைப் பானையை நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க.

வசந்தாமணி: அது இடுப்பு பலம். இது தோள் பலம். ஏன்டா, ஒரு துணியை எடுத்து ஒரு மனுஷன் தோள்ல போடறதுக்கு இவ்வளவு பேச்சா?

பிரணவ்: அது துணியே இல்ல ஆன்ட்டி. போர்த்திக்கவும் முடியாது, கட்டிக்கவும் முடியாது, ஜன்னலுக்குத் திரையா மாட்டினா பாதி ஜன்னல்தான் மூடும். போர்த்தினவன் சிரிக்கிறான், போர்த்திக்கிட்டவன் நெளியறான், அடுத்த நிமிஷம் சுருட்டி நாற்காலிக்குக் கீழ வெக்கறான். இதுக்கு நடுவுல ஒரு ஃபோட்டோ. உலகத்துல வேற எந்த இனமும் ஒருத்தரை மதிக்கறதுக்கு அவரை ஜரிகையில சுத்தினதில்லை.

வசந்தாமணி: போன வருஷம் இந்த மனுஷன் நமக்குப் பண்ணினதுக்கு ஜரிகையென்ன, அந்த மேடையையே சுத்திக் குடுக்கலாம். மாவட்டம் முழுக்க தீ மூட்டத் தடைன்னு தெரியாம பார்க்ல விறகடுப்பு வெச்சுப் பொங்கல் பொங்கினோம். வேற ஆளா இருந்தா ஆளுக்கொரு ஃபைன் டிக்கெட் கிழிச்சிருப்பான். இவரு என்ன பண்ணாரு?

பிரணவ்: தெரியும் ஆன்ட்டி, நானும் இருந்தேன். கார்லேர்ந்து தீயணைக்கற சிலிண்டரை எடுத்துட்டு வந்து பானைக்குப் பக்கத்துல அட்டென்ஷன்ல நின்னார். பொங்கி வழிஞ்சதும், ‘இப்ப அணைக்கலாமா, மேடம்?’னு கேட்டார்.

வசந்தாமணி: என்னைத்தான் ‘மேடம்’னாரு. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறாரு. அதுக்குத்தான் இந்த மரியாதை.

பிரணவ்: மரியாதை சரி. பொன்னாடை வேண்டாம். அப்புறம் நான் ஒண்ணு கேக்கணும். அக்டோபர்லேர்ந்து எல்லா வேலைக்கும் ஏன் என்னை மட்டும் பிடிக்கறீங்க? தீபாவளி நாடகம் நான், விழா மலர் நான், போஸ்டர் நான். போன வாரம் புதன்கிழமை பதினோரு மணிக்கு போன் பண்ணி, ‘வாழை இலை அம்பது வாங்கிட்டு வா கண்ணு’ன்றீங்க. ஊர்ல வேற பசங்களே இல்லையா?

வசந்தாமணி: நீதான் நல்லா செய்யறே. சரி, அந்த அறிமுக உரையைப் படி, ஒரு தடவை கேட்டுடறேன்.

பிரணவ்: ‘விஸ்துலா நதி விளைத்த வீரமே! போலந்து பெற்ற போர்வாளே! டெக்சாஸ் தாங்கும் தேக்கே! தீயைத் தடுத்த தென்றலே!’

வசந்தாமணி: அடேங்கப்பா! கண்ணுல தண்ணி வருதுடா.

பிரணவ்: ஆன்ட்டி, இது கிண்டலுக்கு எழுதினது.

வசந்தாமணி: கிண்டலே இப்படி இருந்தா நிஜம் எப்படி இருக்கும்? அதையே படிச்சுடு.

பிரணவ்: இல்ல, நிஜமா எழுதினது ரெண்டாவது பக்கம். இருங்க.

ஜுஹைர்: ஆன்ட்டி, மைக் எல்லாம் ரெடி. சட்டைக் காலர்ல குத்தற மைக் சீஃபுக்குத்தானே? அவர் தும்மினாகூட என் ஹெட்ஃபோன்ல கேக்கும்.

வசந்தாமணி: சந்தோஷம் ஜுஹைர். பொன்னாடை எங்க வெச்சிருக்கே?

ஜுஹைர்: டேபிள் மேல. ரெண்டு இருக்கே ஆன்ட்டி?

வசந்தாமணி: ஒண்ணு எக்ஸ்ட்ரா. எந்த விழாவுலயும் கடைசி நிமிஷத்துல யாராவது ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கிட்டு நிப்பாங்க, அவங்களுக்கு. நீ படி கண்ணு.

பிரணவ்: ‘ததேயுஷ் வ்ரூபெல் போலந்தில், விஸ்துலா நதிக்கரையில் ஒரு சிற்றூரில் பிறந்தார்...’

வசந்தாமணி: பேரே வாய்ல நிக்கலையே. என்ன அர்த்தம்?

பிரணவ்: வ்ரூபெல்னா குருவி.

வசந்தாமணி: ஆறடி நாலங்குலத்துக்குக் குருவியா! சரி, மேல.

பிரணவ்: ‘ராணுவத்தில் பொறியாளர் படையில் சேர்ந்தார். மிதவைப் பாலம் போடுவது அவர் வேலை. இருபது நிமிடத்தில் ஆற்றின் மேல் ஒரு பாலம் எழும். டாங்கிகள் கடந்ததும் அரை மணியில் அதைப் பிரித்துவிட வேண்டும். நூற்றுக்கு மேல் பாலம் கட்டியிருக்கிறார். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. இருபத்தெட்டு வயதில் கேப்டன் ஆனார். அதே வருடம் நாட்டில் ராணுவத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து, தொப்பியை வாங்கிக்கொண்டார்கள்.’

வசந்தாமணி: ஐயோ பாவம்.

பிரணவ்: ‘மனைவி ஹாலினாவின் அண்ணன் ஹ்யூஸ்டனில் இருந்தார். அவரை நம்பி வந்தார்கள். கட்டடக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. நான்காம் நாள் போனது. வரைபடம் அடியிலும் அங்குலத்திலும் இருந்தது, இவர் மனசு மீட்டரில் இருந்தது. கட்டிய படிக்கட்டு, வாசலைத் தாண்டி ஒரு சாண் உயரத்தில் போய் நின்றது.’

வசந்தாமணி: ஹஹ்ஹா... படியேறிப் போனா வாசல் கீழ இருக்குமா!

பிரணவ்: ‘வேலை போனதை மனைவியிடம் சொல்லவில்லை. ஆறு வாரம் தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு, சாண்ட்விச் பொட்டலத்தோடு கிளம்பி...’

வசந்தாமணி: இரு, இரு. நகராட்சி வெப்சைட்ல இவரைப் பத்தி ரெண்டே வரிதான் இருக்கு. ‘போலந்து ராணுவத்தில் கேப்டன், பிறகு இங்கே போலீஸ்.’ உனக்கு எப்படி இந்தப் படிக்கட்டு, சாண்ட்விச் எல்லாம் தெரியும்?

பிரணவ்: கூகுள்.

வசந்தாமணி: பெண்டாட்டிகிட்ட சொல்லாததை கூகுள்கிட்ட சொன்னாரா?

ஜுஹைர்: டேய், சொல்லிடு. ஆன்ட்டிதானே. என்னால தனியா இந்த ரகசியத்தைத் தூக்கிட்டு அலைய முடியல, எனக்கும் தோள்பட்டை வலிக்குது.

பிரணவ்: சத்தமா பேசாத. ஆன்ட்டி... அப்பா வந்துட்டாரா?

வசந்தாமணி: சுந்தரராமன் சாரா? ஒன்பதரைக்கே வந்துட்டாரு. முன் வரிசையில உட்கார்ந்து, வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் ‘ஸ்க்ரிப்ட் என் பையன்தான்’னுட்டிருக்காரு.

பிரணவ்: எனக்கு வேலை இல்ல ஆன்ட்டி.

வசந்தாமணி: என்ன?

பிரணவ்: செப்டம்பர்ல போயிடுச்சு. எங்க டீமையே மொத்தமா தூக்கிட்டாங்க. அப்பாவுக்குத் தெரியாது.

வசந்தாமணி: நாலு மாசமாவா?

பிரணவ்: அம்மா ஆகஸ்ட்லேர்ந்து சென்னைல இருக்காங்க, பெரியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். அப்பா தினமும் காலைல அஞ்சரைக்கு எழுந்து எனக்கு லஞ்ச் கட்டறார் ஆன்ட்டி. சாம்பார் சாதம், மேல ஒரு அப்பளம், அது நமுத்துப் போகக் கூடாதுன்னு தனிப் பேப்பர்ல சுத்தி. கட்டிக் குடுத்துட்டு ‘வேலை மும்முரத்துல சாப்பிடாம இருந்துடாத’ன்றார். அந்த டப்பாவைக் கையில வாங்கிக்கிட்டு எப்படிச் சொல்றது?

வசந்தாமணி: அதனால?

பிரணவ்: அதனால கம்பெனி பேட்ஜை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன். கொஞ்ச நாள் ஒரு பார்க் வாசல்ல காரை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். லேப்டாப்ல வேலைக்கு அப்ளை பண்றது, பன்னெண்டரைக்கு சாம்பார் சாதம், அஞ்சு மணிக்கு வீடு. எவளோ ஒரு பொம்பளை 911 அவசர நம்பருக்கு போன் பண்ணி, சந்தேகத்துக்கு இடமா ஒரு கார் நிக்குதுன்னு போட்டுக் குடுத்துட்டா.

வசந்தாமணி: ...அப்படியா.

பிரணவ்: ஒரு செவ்வாய்க்கிழமை காலைல ஜன்னல்ல டொக் டொக். ஒன்பது பேர்தான் மொத்த ஸ்டேஷனே, அன்னிக்கு ரெண்டு பேர் லீவு. சீஃபே வந்துட்டார். என் கழுத்துல இருந்த பேட்ஜைப் பார்த்தார். மடியில இருந்த டப்பாவைப் பார்த்தார். ‘இந்தக் கம்பெனி பார்க்குக்கு மாறினது எனக்குத் தெரியாதே’ன்னார்.

ஜுஹைர்: எனக்கு ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துல சிரிப்பு வந்துடுது ஆன்ட்டி.

வசந்தாமணி: சிரிக்காதடா. எட்டு நாளா வெயில்ல கார்ல உட்கார்ந்திருக்கான் பையன். அப்புறம்?

பிரணவ்: அப்புறம் முன் சீட்ல ஏறி உட்கார்ந்தார். முட்டி டேஷ்போர்டுல இடிச்சது. ‘எவ்வளவு நாளா?’ன்னார். சொன்னேன். ‘நான் ஆறு வாரம்’னார். அப்பதான் இந்தக் கதையெல்லாம். டை கட்டிக்கிட்டுக் கிளம்பி, காசு போட்டுத் துணி துவைக்கற கடையில போய் உட்காருவாராம். அங்க ஏசி இருந்ததாம், நாற்காலி ஃப்ரீயாம். துவைக்கத் துணியே இல்லாம ஒருத்தன் தினமும் வந்து மிஷினைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்னு, கடைக்காரம்மா போலீஸைக் கூப்பிட்டுட்டாங்களாம்.

வசந்தாமணி: அவரையும் ஒரு பொம்பளைதானா!

பிரணவ்: ஒரு வயசான போலீஸ்காரர் வந்து ‘என்ன பண்றே இங்க?’ன்னாராம். இவருக்கு அப்ப பதில் சொல்ற அளவுக்கு இங்கிலீஷ் இல்ல. எழுந்து நின்னு ஒரு சல்யூட் அடிச்சாராம். அவ்வளவுதான் தெரியும்.

வசந்தாமணி: அச்சச்சோ...

பிரணவ்: முழுக்கச் சொல்லிட்டு, ‘உன் அப்பாகிட்ட எப்ப சொல்லப் போறே?’ன்னார். வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு கை குடுத்தேன்.

வசந்தாமணி: சொல்லலையா?

பிரணவ்: அதுக்கப்புறம் பதிமூணு வெள்ளிக்கிழமை வந்து போயிடுச்சு. நான் லைப்ரரிக்கு இடம் மாத்திட்டேன், அங்க வைஃபை நல்லா இருக்கு. இப்பப் புரியுதா ஆன்ட்டி? நான் மேடையேறி அவருக்கு எதிர்ல நின்னா, முதல் கேள்வியே ‘அப்பாகிட்ட சொல்லிட்டியா?’தான். அதுவும் காலர்ல மைக்கோட. முந்நூறு பேர் முன்னாடி. முன் வரிசையில அப்பா.

வசந்தாமணி: அப்ப கொள்கை?

பிரணவ்: கொள்கையும் இருக்கு. அதுக்கு இது ஒரு பக்க பலம்.

ஜுஹைர்: ஆன்ட்டி! சீஃப் வந்துட்டார்.

வசந்தாமணி: என்னது! மணி பத்தரைகூட ஆகலையே. பதினொண்ணுன்னா பதினொன்றரைன்னு அவருக்கு யாரும் சொல்லலையா?

ஜுஹைர்: நம்ம மன்ற வரலாற்றுலயே சொன்ன நேரத்துக்கு முன்னாடி வந்த முதல் ஆள். ஹால்ல இருபது பேர்தான் இருக்காங்க. நான் போய் மைக்கைக் குத்திட்டு வந்துடறேன்.

வசந்தாமணி: ஓடு ஓடு. பிரணவ், நீ எங்க போறே?

பிரணவ்: திரைக்குப் பின்னாடி. நீங்க ஏன் திரைக்குப் பின்னாடி வர்றீங்க?

வசந்தாமணி: நான்... இலையெல்லாம் எண்ணணும்.

பிரணவ்: இலை கிச்சன்ல இருக்கு ஆன்ட்டி. போய் வரவேற்க வேண்டாமா?

வசந்தாமணி: அழைப்புக் கடிதம் எல்லாம் மீரான் அண்ணன் பேர்லதான் போச்சு. என் பேர் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

ஜுஹைர்: குத்திட்டேன். டேய், ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதி.

பிரணவ்: நல்லது?

ஜுஹைர்: மைக் பிரமாதமா வேலை செய்யுது.

பிரணவ்: கெட்டது?

ஜுஹைர்: சீஃப் உங்க அப்பா பக்கத்து சீட்ல உட்கார்ந்துட்டார்.

பிரணவ்: ஐயோ.

ஜுஹைர்: பேச ஆரம்பிச்சுட்டாங்க.

வசந்தாமணி: அடுத்தவங்க பேசறதை ஒட்டுக் கேக்கறது தப்பு ஜுஹைர். ...என்ன பேசறாங்க?

ஜுஹைர்: அங்கிள் சொல்றார், ‘இதையெல்லாம் எழுதினது என் மகன். சாஃப்ட்வேர் எஞ்சினியர். ரொம்ப பிஸி. சாப்பிடக்கூட நேரமில்லாத வேலை.’

பிரணவ்: செத்தேன்.

ஜுஹைர்: ‘நான்தான் லஞ்ச் கட்டறேன்’றார்.

பிரணவ்: சீஃப் என்ன சொன்னார்?

ஜுஹைர்: ‘சாம்பார் சாதமா?’ன்னு கேக்கறார்.

வசந்தாமணி: போச்சு!

ஜுஹைர்: இல்ல இல்ல. அங்கிளுக்கு ஒரே சந்தோஷம். ‘உங்களுக்கு சாம்பார் சாதம் தெரியுமா!’ன்றார். சீஃப், ‘ஒரு தடவை வாசனை பிடிச்சிருக்கேன், டியூட்டில’ன்றார்.

பிரணவ்: சொல்லிடப் போறார்டா. சொல்லிடப் போறார்.

ஜுஹைர்: இரு... அங்கிள் போனை எடுக்கறார். உன் ஃபோட்டோவைக் காட்டறார். கிராஜுவேஷன் ஃபோட்டோ போல, தொப்பியோட. சீஃப் கண்ணாடி மாட்டறார்... பார்க்கறார்...

வசந்தாமணி: என்னடா நிறுத்திட்டே?

ஜுஹைர்: அவரே நிறுத்திட்டார் ஆன்ட்டி. போனைக் கையில வாங்கிக்கிட்டார்.

பிரணவ்: ஜுஹைர்...

ஜுஹைர்: ‘நல்ல முகம்’னார். அப்புறம், ‘சொன்ன சொல்லைக் காப்பாத்தற முகம்’னார்.

வசந்தாமணி: காட்டிக் குடுக்கல பாரு கண்ணு. போலீஸ்காரரு. கையும் களவுமா பிடிச்ச உன்னை, உங்க அப்பாகிட்ட காட்டிக் குடுக்கல.

பிரணவ்: அதைவிட மோசமா பண்ணிட்டார் ஆன்ட்டி. விழா எப்ப ஆரம்பம்?

வசந்தாமணி: இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, நம்ம கணக்குல. ஏன்?

பிரணவ்: இந்தப் பேப்பரைப் பிடிங்க.

வசந்தாமணி: டேய், எங்க... ஜுஹைர், அவன் எங்க போறான்?

ஜுஹைர்: படியிறங்கிட்டான் ஆன்ட்டி. நேரா முன் வரிசைக்குப் போறான். சீஃப் பார்த்துட்டார். எழுந்து... காபி வேணும்னு அந்தப் பக்கம் போயிட்டார். அவர் சீட்ல இவன் உட்காந்துட்டான்.

வசந்தாமணி: பேசறானா?

ஜுஹைர்: மைக் காபி பக்கம் போயிடுச்சே. இப்ப என் காதுல சர்க்கரை கலக்கற சத்தம்தான் கேக்குது.

வசந்தாமணி: கண்ணால பார்த்துச் சொல்லுடா.

ஜுஹைர்: பிரணவ் பேசறான். அங்கிள் சிரிக்கறார். இன்னும் சிரிக்கறார். இப்ப சிரிக்கல.

வசந்தாமணி: கடவுளே.

ஜுஹைர்: கண்ணாடியைக் கழட்டிட்டார். துடைக்கறார். அது சுத்தமாத்தான் இருக்கு, சும்மா துடைக்கறார். ஏதோ கேக்கறார். இவன் தலையைக் குனிஞ்சு பதில் சொல்றான். அங்கிள் எழுந்துட்டார் ஆன்ட்டி! கையைப் பிடிச்சுட்டார். பார்க்கிங் பக்கம் இழுத்துட்டுப் போறார்!

வசந்தாமணி: அடிக்கப் போறாரா? சுந்தரராமன் சார் அடிக்க மாட்டாரு. இருபது வருஷமா பார்க்கறேன், மன்றத்துக் கூட்டத்துல கையைத் தூக்கி ஓட்டுப் போட்டதைத் தவிர அவரு கையைத் தூக்கினதே இல்ல.

ஜுஹைர்: வெளில போயிட்டாங்க. இங்கேர்ந்து ஒண்ணும் தெரியல.

வசந்தாமணி: எல்லாம் என்னாலதான்.

ஜுஹைர்: உங்களாலயா? ஏன் ஆன்ட்டி?

வசந்தாமணி: ஒண்ணுமில்ல. விழா வெச்சது நான்தானே, அதைச் சொன்னேன்.

ஜுஹைர்: பத்து நிமிஷம் ஆச்சு... வர்றான், வர்றான். தனியா வர்றான். முகம் தெரியல... கையில சாம்பார் டப்பா!

வசந்தாமணி: கண்ணு! என்னாச்சு? என்ன சொன்னாரு?

பிரணவ்: முழுக்கக் கேட்டார். அப்புறம், ‘அப்ப லஞ்ச் எங்க வெச்சு சாப்பிட்ட?’ன்னார். கார்லன்னேன். ‘என் கார்லயா? சாம்பார் சாதமா?’ன்னு இழுத்துட்டுப் போயிட்டார்.

ஜுஹைர்: அதுக்கா!

பிரணவ்: டார்ச் அடிச்சு சீட்டுக்கு அடியில எல்லாம் பார்த்தார். ஒரு முருங்கைக்காய்த் துண்டு கிடைச்சது. அதைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். ‘இது அக்டோபர்ல போட்டது’ன்னார்.

வசந்தாமணி: அவ்வளவுதானா?

பிரணவ்: அப்புறம் அதைத் தூக்கிப் போட்டுட்டு, ‘நாளைலேர்ந்து டப்பா கட்ட மாட்டேன். வீட்ல தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிடு’ன்னார். டப்பாவை என் கையில குடுத்துட்டு, மூக்கை உறிஞ்சிட்டு, காபி வாங்கப் போயிட்டார்.

ஜுஹைர்: ஆன்ட்டி, அழறீங்களா?

வசந்தாமணி: தோள்பட்டை வலிடா. போ, போய் லைட்டைப் போடு.

பிரணவ்: பேப்பரைக் குடுங்க. நானே படிக்கறேன்.

வசந்தாமணி: பொன்னாடை?

பிரணவ்: பேப்பரைக் குடுங்க ஆன்ட்டி.

ஜுஹைர்: ...ஆன்ட்டி, நல்லா படிக்கறான் இல்ல? ஹால் நிரம்பி வழியுது. வடை சாப்பிடறவங்ககூட மெல்லறதை நிறுத்திட்டாங்க.

வசந்தாமணி: ஷ்ஷ். அந்தத் துணி துவைக்கற கடை வருது, கேளு.

பிரணவ்: ‘...அந்தப் போலீஸ்காரர் அவரைக் கைது செய்யவில்லை. ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்க் காபி கொடுத்தார். ஸ்டேஷனின் பின்வாசல் மரப்படி ஆடிக்கொண்டிருந்தது. இதைச் சரிசெய்ய முடியுமா என்று சைகையில் கேட்டார். கேப்டன் வ்ரூபெல் இந்த முறை அங்குலக்கோலை வாங்கி, மூன்று தடவை அளந்தார். எட்டு வருடம் அதே ஸ்டேஷனில் தரை துடைத்தார், பல்பு மாற்றினார், இங்கிலீஷ் படித்தார். சிட்டிசன்ஷிப் கிடைத்தபின், முப்பத்தாறு வயதில், இருபது வயதுப் பிள்ளைகளோடு போலீஸ் அகாடமியில் உட்கார்ந்தார். அவர்கள் வைத்த பட்டப்பெயர் தாத்தா. பிறகு சார்ஜெண்ட், லெஃப்டினண்ட், பதினொரு வருடமாக சீஃப். அவர் நதிகளில் கட்டிய பாலம் எதுவும் இன்று இல்லை. அந்தப் படி இருக்கிறது. நான் போய் ஏறிப் பார்த்தேன். ஆடவில்லை.’

வசந்தாமணி: கை தட்டறாங்கடா! எல்லாரும் எழுந்துட்டாங்க! சீஃபுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனா அவரும் எழுந்து நின்னு கை தட்டறாரு பாரு!

ஜுஹைர்: ஆன்ட்டி. அங்க பாருங்க. டேபிள் பக்கம்.

வசந்தாமணி: எடுத்துட்டானா?

ஜுஹைர்: எடுத்துட்டான். பிரிக்கறான். ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கான்.

வசந்தாமணி: ஜரிகை வெளிப்பக்கம் வரணும்னு சொல்லு!

ஜுஹைர்: அவனுக்கே தெரியுது. சீஃப் குனியறார். போர்த்திட்டான்... ஒழுங்கா மடிப்பை நீவி வேற விடறான் ஆன்ட்டி, கல்யாண வீட்ல மாதிரி.

வசந்தாமணி: கொள்கை வீரன்! சீஃப் ஏதோ பேசறாரே, என்ன?

ஜுஹைர்: மைக்கைக் கையால மூடிக்கிட்டுப் பேசறார். ஆனாலும் கேக்குது. ‘வெள்ளிக்கிழமை வந்துச்சா?’ன்னு கேட்டார்.

வசந்தாமணி: இவன்?

ஜுஹைர்: ‘இன்னிக்கு சனி சார். ஒரு நாள் லேட்’னான். சீஃப் சொல்றார், ‘உங்க ஆளுங்க இவ்வளவு சீக்கிரம் வந்து இப்பத்தான் பார்க்கறேன்.’

வசந்தாமணி: அப்புறம் என்ன? அவரு ஏன் இப்படி ஹாலெல்லாம் கண்ணை ஓட்டறாரு?

ஜுஹைர்: யாரையோ தேடறார். ‘மிஸஸ் வசந்தாமணி எங்க?’ன்றார். ஆன்ட்டி, உங்களைத்தான்!

வசந்தாமணி: இல்லைன்னு சொல்லு. ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லு.

ஜுஹைர்: உங்க பேர் அவருக்குத் தெரியாதுன்னீங்களே? எங்க ஓடறீங்க?

வசந்தாமணி: இலை! இலை எண்ணணும்!

பிரணவ்: இலையை நான் எண்ணியாச்சு. நாப்பத்தெட்டு இருக்கு, ரெண்டு கிழிஞ்சிருக்கு. ஏன் ஆன்ட்டி இந்த இருட்டுல வந்து நிக்கறீங்க?

வசந்தாமணி: வந்துட்டியா கண்ணு? நல்லா போர்த்தினே. கொள்கை எல்லாம் எங்க போச்சு?

பிரணவ்: பேச்சை மாத்தாதீங்க. ஒரு விஷயம் எனக்கு இப்பத்தான் தோணுது. வேலைக்குப் போறவனை யாராவது புதன்கிழமை பதினோரு மணிக்கு வாழை இலை வாங்க அனுப்புவாங்களா?

வசந்தாமணி: ...பதினோரு மணியா அது? மறந்துட்டேன்.

பிரணவ்: அக்டோபர்லேர்ந்து வாரத்துக்கு ஒரு வேலை. சும்மா உட்கார விடவே இல்ல. வந்தா சாப்பாடு வேற.

வசந்தாமணி: நீ ஒல்லியா இருந்தே.

பிரணவ்: அப்புறம், பார்க் வாசல்ல ‘கொஞ்ச நாள்’ உட்கார்ந்திருந்தேன்னு நான் சொன்னேன். ‘எட்டு நாள்’னு நீங்க சொன்னீங்க. சரியா எட்டுதான். அந்தப் பார்க்குக்கு எதிர்த்தாப்ல யார் வீட்டு சமையலறை ஜன்னல் இருக்கு ஆன்ட்டி?

வசந்தாமணி: பச்சைத் திரை போட்ட வீடா? அங்க... நிறைய வீடு இருக்கு.

பிரணவ்: ஜுஹைர், அந்த எக்ஸ்ட்ரா எங்க?

ஜுஹைர்: இந்தா.

பிரணவ்: கொஞ்சம் நேரா நில்லுங்க ஆன்ட்டி.

வசந்தாமணி: டேய், என்னடா பண்றே? ஜரிகை குத்துது. எனக்கு எதுக்குடா பொன்னாடை? நான் என்ன பண்ணிட்டேன்?

பிரணவ்: அக்டோபர் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை 911-க்கு போன் பண்ணி, வேலையில்லாத ஒருத்தனைப் போட்டுக் குடுத்தீங்களே. அதுக்கு.

ஜுஹைர்: ஆன்ட்டி, கேமராவைப் பாருங்க. சிரிங்க.

வசந்தாமணி: ...911 இல்லடா கண்ணு. அவசரமில்லாததுக்குன்னு வேற ஒரு நம்பர் இருக்கு, அது.